கழுத்தில் வந்து வந்து போகும் வீக்கம்: எந்த ஸ்கேன், எப்போது எடுக்கணும்?

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி வேலைக்குப் போகும் 26 வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஷேவ் பண்ணும்போது கழுத்தின் வலப்பக்கம் கோலிக்குண்டு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சொல்கிறார். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். வீக்கம் வடிகிறது. ஒன்றரை மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வருகிறது. மறுபடி மாத்திரை, மறுபடி வடிகிறது.

மூன்றாவது தடவை பயந்துபோய், யாரையும் கேட்காமல் நேராக ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போகிறார். அன்றைக்குப் பார்த்து வீக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், "நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்" என்று போட்டிருக்கிறார்கள். "காசு வாங்கிட்டு இதைத்தான் எழுதிக் கொடுத்தாங்களா?" என்று அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ரேடியாலஜி மருத்துவர்கள் அந்த வரியைத் தப்பிக்க எழுதுவதில்லை. ஸ்கேன் நிழலைக் காட்டும். அந்த நிழலுக்குப் பெயர் வைக்க, வீக்கம் எப்போது வருகிறது, எப்படிப் போகிறது என்கிற கதை வேண்டும். பல நேரம் ஒரு ஊசியும் வேண்டும்.

கழுத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நம் வீடுகளில் இதற்குத் தனித்தனி பெயர்கள் உண்டு. தொண்டை வலியோடு தாடைக்குக் கீழே தடித்தால் "நெறி கட்டியிருக்கு" என்பார்கள். முன்கழுத்து வீங்கினால் கழலை. காதுக்குக் கீழே கன்னம் உப்பினால் பொன்னுக்குவீங்கி. கழுத்தைச் சுற்றி மாலை கோத்தது மாதிரி வரிசையாகக் கட்டிகள் வந்தால் கண்டமாலை. கடைசிப் பெயர் பழைய வைத்தியத்தில் இருந்து வந்தது. இன்றைக்கு அதில் பெரும்பகுதியை நிணநீர் முடிச்சில் வரும் காசநோய் என்கிறோம்.

இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் கழுத்தில் உள்ள வேறு வேறு உறுப்பைக் குறிக்கின்றன. நெறி என்பது நிணநீர் முடிச்சு. உடலில் உள்ள நூற்றுக்கணக்கான முடிச்சுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்தில்தான் இருக்கின்றன. கழலை என்றால் பெரும்பாலும் தைராய்டு. பொன்னுக்குவீங்கி உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்குவது. இவை போக, கருவில் இருக்கும்போதே மூடியிருக்க வேண்டிய சில குழாய்கள் மூடாமல் விட்டதால் உண்டாகும் நீர்ப்பைகளும் உண்டு. எந்த உறுப்பு என்று கண்டுபிடிப்பதுதான் ஸ்கேனின் முதல் வேலை.

திரும்பத் திரும்ப வருவதுதான் முக்கியத் துப்பு

ஒரே தடவை வந்து போன நெறியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொண்டைப் புண்ணோ, தலையில் பேனோ, சொத்தைப் பல்லோ காரணமாக இருக்கும். அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தால் கதை வேறு. அப்படி வரும்போது எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சாப்பிட உட்காரும்போது வருகிறதா? சாம்பார் இட்லியில் கை வைத்ததும், ஊறுகாயை நினைத்ததுமே தாடைக்குக் கீழே உப்பி, வலித்து, ஒரு மணி நேரத்தில் வடிந்தால், உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கற்களில் ஏறத்தாழ 80 சதவீதம் தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில்தான் உருவாகின்றன. அங்கே உமிழ்நீர் கெட்டியானது. குழாயும் மேல்நோக்கிப் போகிறது.

சளி பிடிக்கும்போதெல்லாம் கழுத்தின் பக்கவாட்டில், தாடை மூலைக்குக் கீழே, மெத்தென்று ஒரு கட்டி வந்து போனால் அது பிறவி நீர்ப்பையாக இருக்கலாம். பிறவியிலேயே இருந்தாலும் பலருக்கு இருபது வயதுக்கு மேல்தான் வெளியே தெரியும். நடுக்கழுத்தில் வரும் கட்டி, நாக்கை வெளியே நீட்டினால் மேலே ஏறுகிறது என்றால் அது தைராய்டு இறங்கி வந்த பாதையில் தங்கிய நீர்ப்பை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பையை மட்டும் எடுத்துவிட்டு, அதோடு ஒட்டிய நாவடி எலும்பின் நடுப்பகுதியை விட்டுவிட்டால் கட்டி மறுபடி வரும். சிஸ்ட்ரங்க் என்ற அறுவைசிகிச்சை மருத்துவர் 1920-இலேயே இதை எழுதி, எலும்புத் துண்டோடு சேர்த்து எடுக்கும் முறையைச் சொன்னார். இன்றும் அதே முறைதான். அறுவைக்கு முன் கட்டாயம் ஓர் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அரிதாகச் சிலருக்கு, இருக்கும் ஒரே தைராய்டும் அந்தக் கட்டிக்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரைதான்.

குழந்தைக்கு இடப்பக்கக் கழுத்தில் மட்டும் சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருகிறதா? ஒவ்வொரு தடவையும் கீறி, சீழ் எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பி, ஆறு மாதத்தில் மறுபடி வந்து நிற்கிறார்களா? இப்படி வரும்போது தொண்டையின் அடியில் இருந்து தைராய்டு வரை போகும் ஒரு பிறவிப் புழை இருக்கிறதா என்று தேட வேண்டும். இது பெரும்பாலும் இடப்பக்கமே வரும். மூலத்தை அடைக்காமல் சீழை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது.

இருமும்போது, முக்கும்போது, ஊதும்போது மட்டும் கழுத்து உப்பினால் அது காற்றுப் பையாகவோ விரிந்த கழுத்து ரத்தக்குழாயாகவோ இருக்கலாம். இதைச் சும்மா படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஊதச் சொல்லி, அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

பொன்னுக்குவீங்கி ஒருவருக்குப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் வரும். "எங்க பையனுக்கு வருஷத்துக்கு மூணு தடவை பொன்னுக்குவீங்கி வருது" என்று யாராவது சொன்னால் அது வேறு ஏதோ. குழந்தைகளுக்குக் காதடிச் சுரப்பி காரணம் தெரியாமலே அடிக்கடி வீங்குவது உண்டு. பருவ வயதை ஒட்டி பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நடுத்தர வயதுப் பெண்களுக்குக் கண்ணும் வாயும் வறண்டு, இந்தச் சுரப்பியும் வீங்கினால், உடலின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் ஷோகிரன் நோயா என்று பார்ப்பார்கள்.

முதல் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட்தான்

"எடுக்கிறதுதான் எடுக்கறோம், பெரிய ஸ்கேனா எடுத்துடலாமே" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். குழந்தை, இளைஞர், கர்ப்பிணி யாராக இருந்தாலும் முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சு இல்லை, ஊசி மருந்து இல்லை, செலவும் குறைவு. கழுத்து உறுப்புகள் தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நுண்ணிய அலை அனுப்பும் கருவியில் தெளிவாகத் தெரியும்.

ஒரு நல்ல நிணநீர் முடிச்சு அவரை விதை வடிவில் இருக்கும். நடுவில் கொழுப்புத் தண்டு தெரியும். அதன் வழியாகத்தான் ரத்தக்குழாய் உள்ளே போகும். அந்த வடிவம் உருண்டையாகி, நடுத்தண்டு மறைந்து, ரத்த ஓட்டம் ஓரத்தில் இருந்து தாறுமாறாக உள்ளே போனால் சந்தேகம் வரும். பல முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் சீழ் போல கரைந்திருந்தால் காசநோயின் சாயல். அளவு மட்டுமே அளவுகோல் இல்லை. ரிப்போர்ட்டில் "1.2 செ.மீ." என்று பார்த்ததும் கூகுளில் தேடிப் பயப்பட வேண்டியதில்லை. தாடைக்குக் கீழே இருக்கும் முடிச்சுகள் ஆரோக்கியமானவர்களுக்கே அந்த நீளத்தில் இருக்கும்.

அல்ட்ராசவுண்டுக்கும் எல்லை உண்டு. தாடை எலும்புக்குப் பின்னால், தொண்டையின் ஆழத்தில், மூச்சுக்குழாய்க்குப் பின்னால் அதனால் பார்க்க முடியாது. 2 மில்லிமீட்டருக்கும் சின்னக் கல் தப்பிவிடலாம். எடுப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தும் முடிவு மாறும்.

சி.டி. எப்போது, எம்.ஆர்.ஐ. எப்போது?

ஆழத்தில் சீழ் இருக்கிறதா, கல் எங்கே அடைத்திருக்கிறது, மார்புக்குள்ளும் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றனவா என்றால் சி.டி. சில விநாடியில் முடிந்துவிடும். கழுத்துக்கு எடுக்கும்போது பெரும்பாலும் அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அது இல்லாவிட்டால் ரத்தக்குழாய் எது, முடிச்சு எது என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். அதனால்தான் முன்கூட்டியே கிரியேட்டினின் பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, பழைய அலர்ஜி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தைராய்டு புற்றுநோய் சந்தேகம் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். அயோடின் மருந்து ஏற்றினால், பிறகு கொடுக்க வேண்டிய கதிரியக்க அயோடின் சிகிச்சையைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டிவரும். சி.டி. வேண்டாம் என்பதல்ல. மருத்துவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது. நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டியதல்ல.

எம்.ஆர்.ஐ. சதைப்பகுதியைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். காதடிச் சுரப்பிக் கட்டி, நாக்கடி, தொண்டைப் பின்புறம் போன்ற இடங்களுக்கு இதுதான் சரி. கதிர்வீச்சும் இல்லை. நேரம்தான் அதிகம். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகப் பொருளோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தாடைக்குக் கீழே ஒரே நெறி திரும்பத் திரும்பக் கட்டினால், இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு பல் எக்ஸ்ரே போதுமானதாக இருக்கலாம். வேரில் சீழ் பிடித்த பல் வலிக்காமலே இருக்கும். அங்கிருந்துதான் முடிச்சுக்குத் தொற்று போய்க்கொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. வரை போய்விட்டுக் கடைசியில் பல் மருத்துவரிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெட் ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. உடலில் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் அதில் பளிச்சென்று தெரியும். புற்றுநோய் அப்படித் தெரியும், காசநோயும் அப்படித்தான் தெரியும். காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில், பெட் ஸ்கேனில் கழுத்து முடிச்சு ஒளிர்ந்தால் உடனே புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. நோய் உறுதியான பிறகு அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன் பெரும்பாலும் பயன்படும். ஆரம்பத்திலேயே எடுப்பதற்கல்ல.

வீங்கிய நாளிலா, வடிந்த பிறகா?

பலர் கேட்கும் கேள்வி இது. ஒரே பதில் கிடையாது. உமிழ்நீர்ச் சுரப்பி, நிணநீர் முடிச்சு, சீழ் சந்தேகம் என்றால் வீங்கியிருக்கும்போதே பார்ப்பது நல்லது. கல் இருக்கிறதா என்று பார்க்க, சில மருத்துவர்கள் எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்து, உமிழ்நீர் ஊறும்போது குழாய் விரிகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

பிறவிப் புழைக்கு நேர்மாறு. வீங்கிச் சீழ் பிடித்திருக்கும்போது புழையின் வாய் அழற்சியில் மூடிப்போயிருக்கும். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தாலும் உள்ளே போகாது. எல்லாம் ஆறி, சுமார் 6 முதல் 8 வாரம் கழித்து எடுத்தால்தான் மெல்லிய கோடு மாதிரி தெரியும். "அதான் சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு ஸ்கேன்?" என்று வீட்டில் கேட்பார்கள். சரியான பிறகு எடுப்பதுதான் அந்த நோய்க்குச் சரியான நேரம்.

வீங்கிய அன்றைக்கே ஸ்கேன் கிடைக்காவிட்டால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தேதி தானாகவே பதிவாகிவிடும். வடிந்த கழுத்தோடு போய் வாயால் விவரிப்பதைவிட அந்த இரண்டு படம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

ஊசி போட்டால் பரவிவிடுமா?

"கட்டியில ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்" என்ற பயத்தில் பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கழுத்துக் கட்டிக்கு மெல்லிய ஊசியால் செல் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை உலகம் முழுக்க முதல் படியாகச் செய்யப்படுவது. அதனால் நோய் பரவும் என்ற பயத்துக்கு இடமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது பாதுகாப்பானது. எது ஆபத்து என்றால், காரணம் தெரியாமலே கத்தி வைத்துக் கீறுவது. காசநோய் முடிச்சைச் சாதாரண சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் ஆறாத புண்ணாகி மாதக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும்.

அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தினால், முடிச்சின் எந்தப் பகுதியில் நோய் இருக்கிறதோ அங்கிருந்தே எடுக்கலாம். எடுத்ததைச் செல் பரிசோதனைக்கு மட்டும் அனுப்பாமல், காசநோய்க் கிருமிக்கான சிபிநாட் சோதனைக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இந்தக் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசி போதாது. முடிச்சையே எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டும். இளம் பெண்களுக்குக் காய்ச்சலோடு கழுத்து முடிச்சு வீங்கும் கிக்குச்சி நோயும் பயாப்ஸியில்தான் உறுதியாகும். 1972-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். தவறாகக் காசநோய் என்று நினைத்தால் ஆறு மாதம் தேவையில்லாத மாத்திரை.

மெடிக்கல் ஷாப் மாத்திரை இங்கேதான் குழப்பத்தை உண்டாக்குகிறது. லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கும். வீக்கம் குறையும், நோய் தங்கிவிடும், பரிசோதனையில் கிருமி சிக்காது. ஸ்டீராய்டு மாத்திரை லிம்போமா முடிச்சையே சுருக்கிவிடும். பிறகு பயாப்ஸி எடுத்தாலும் விடை தெளிவாக வராது. மேன்ஷன் இளைஞருக்கு ஒவ்வொரு தடவையும் வீக்கம் "வடிந்ததற்கு" இதுவும் காரணமாக இருக்கலாம்.

சென்னைக்குப் பழக்கமான நோய்

இந்தியாவில் பெரியவர்களுக்கு வலியில்லாத கழுத்து முடிச்சு நீடித்தால் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். நுரையீரலுக்கு வெளியே அது அதிகம் தாக்குவது நிணநீர் முடிச்சுகளைத்தான், அதிலும் கழுத்தை. இருமல் இருக்கணும் என்று அவசியமில்லை. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும் நோயாளிகளும் ஏராளம். முடிச்சில் மட்டும் நோய் இருந்தால் அது மற்றவருக்கும் தொற்றாது. அறை நண்பர்கள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டியதே இல்லை.

இந்த நோய்க்கு இன்று உலகம் கொடுக்கும் மருத்துவத்தில் சென்னையின் பங்கு பெரிது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. குழந்தைகளின் கழுத்து முடிச்சுக் காசநோய்க்கு 6 மாத மருந்து போதும் என்று இங்கே நடந்த ஆய்வு 1990-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது.

மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முடிச்சு பெரிதாவதோ, பக்கத்தில் புதிதாக ஒன்று வருவதோ உண்டு. "மாத்திரை வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். செத்துக்கொண்டிருக்கும் கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்ப்பாகவும் அது இருக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க மறுபடி ஊசி மாதிரியும் கல்ச்சர் பரிசோதனையும் தேவைப்படும். அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆறு மாதம் முடிந்த பிறகும் சின்ன முடிச்சு தட்டுப்படலாம். அது தழும்பாகவே இருக்க வாய்ப்பு உண்டு.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு

இங்கே கணக்கு மாறுகிறது. மாவா, ஹான்ஸ், பான், சிகரெட், மது எதுவாக இருந்தாலும் பழக்கம் உள்ளவருக்குக் கழுத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கட்டி நின்றால், வாய், நாக்கு, தொண்டையில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். 2017-இல் வெளியான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. தொற்றின் அறிகுறி இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. இந்த வயதில் ஸ்கேனில் "நீர்ப்பை" என்று வந்தாலும் திருப்தியடைய முடியாது. தொண்டைப் புற்றுநோய் பரவிய முடிச்சும் நீர் கோத்த பை போலவே தெரியும்.

ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

வீக்கம் மணிக்கணக்கில் பெருகுகிறது, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் அடைத்துப் போகிறது, மூச்சு வாங்குகிறது. இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குக் கூப்பிடணும். மூச்சுப் பாதையைக் காப்பாற்றிய பிறகுதான் ஸ்கேன். உதடு, நாக்கு, தொண்டை திடீரென வீங்கி, ஒன்றிரண்டு நாளில் சுவடே இல்லாமல் போகிற வகையும் உண்டு. எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும், வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகும்கூட. வடிந்த பிறகு எந்த ஸ்கேனிலும் இது தெரியாது. மாத்திரைச் சீட்டைக் காட்டினால்தான் தெரியும்.

திருவல்லிக்கேணியில் இருப்பவர் எங்கே போகலாம்?

முதல் நிறுத்தம் ஸ்கேன் சென்டர் இல்லை, காது மூக்கு தொண்டை ஓ.பி. வாலாஜா சாலையை ஒட்டி, தலைமைச் செயலகமாகக் கட்டப்பட்டு 2014 முதல் மருத்துவமனையாக இயங்கும் ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை நடக்கும் தூரம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் பக்கம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுதான் 1934-இல் தொடங்கிய பர்னார்டு கதிரியக்க நிறுவனம். குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.

காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோய் உறுதியாகிப் பதிவானால் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோவது நல்லது. எந்தெந்த ஸ்கேன் அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டை மட்டும் அல்ல, ஃபிலிமையும் சி.டி. தட்டையும் எடுத்துப் போகணும். போன வருடம் இந்த முடிச்சு இருந்ததா, இதே அளவில் இருந்ததா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால், இன்னொரு ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம். கூடவே இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளும். மெடிக்கல் ஷாப்பில் பேரே சொல்லாமல் கொடுத்த மாத்திரை எது என்பதை அதைப் பார்த்துத்தான் மருத்துவர் தெரிந்துகொள்ள முடியும்.